ஆளுக்கு 35 கிலோ தண்ணி

வர்ற ஜனவரியில பன்னெண்டு நாள் லீவு கேட்டிருக்கேன் மக்களே. "ஆணி நிறைய இருக்கே"ன்னு டேமேஜர் இழுத்தார், அப்புறம் தலையாட்டிட்டார். நானும் காலேஜ் நண்பன் ஒருத்தனும் ஜெய்சால்மர்ல இருந்து பார்மர் வரைக்கும் நடக்கப் போறோம். ஏறக்குறைய 155 கிலோமீட்டர், ஏழு நாள்.

"வெயில்ல நடக்கணும்னா தண்டலத்துல இருந்து ஒரகடம் வரைக்கும் நடயேன்டா"ங்கறாங்க அம்மா. நியாயம்தான். ஆனா ஜனவரியில தார் பாலைவனத்துல வெயில் பிரச்சினையே இல்ல, ராத்திரி குளிருக்குத்தான் ஸ்வெட்டர் வேணும். பிரச்சினை தண்ணி.

எக்ஸெல்ல கணக்குப் போட்டேன். நாளைக்கு 5 லிட்டர், ஏழு நாளைக்கு 35. ஒரு லிட்டர் ஒரு கிலோ. டெண்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் தனி. முதுகுல 35 கிலோவோட தினம் 22 கி.மீ. நடக்க நான் என்ன ஒட்டகமா?

முதல் நாள் ஆகல். 18 கோடி வருஷப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்குற இடம். ஒரு காலத்துல அது காடு! அப்புறம் தேவிகோட், ஷிவ். அங்க கடை இருக்கு. நடுவுல நாலஞ்சு வீடு சேர்ந்த டாணிகள்தான். அங்க தரைக்கடியில டாங்கான்னு தொட்டி கட்டி, மழைத்தண்ணியைப் பிடிச்சு வச்சுக் குடிக்கறது வழக்கம்.

"கேட்டா தருவாங்கடா"ங்கறான் நண்பன். தருவாங்க. அதான் உறுத்துது. சென்னையில வருஷத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. ஜெய்சால்மர்ல சுமார் 200தான். பொழுதுபோக்குக்கு நடக்குற ரெண்டு பேர், ஒரு குடும்பம் மாசக்கணக்கா சேர்த்து வச்ச தண்ணியில பங்கு கேக்கறதா?

ரெண்டு நாள் சண்டை. கடைசில ஒட்டக வண்டி ஒண்ணு வாடகைக்குப் பிடிக்கறதுன்னு முடிவு. தண்ணியை ஜெய்சால்மர்லயே ஏத்திக்கிறோம், குறைஞ்சா தேவிகோட், ஷிவ் கடைகள்ல காசு குடுத்து வாங்கிக்கிறோம். "அப்ப இது ட்ரெக்கிங்கா, ஊர்வலமா?"ன்னு பய இன்னும் முறைக்கிறான். வண்டி வாடகைக்காக என்னோட புது ஷூ பட்ஜெட்டும் காலி.

இப்ப ஞாயித்துக்கிழமையானா 10 லிட்டர் தண்ணியை முதுகுல கட்டிக்கிட்டுச் செம்பரம்பாக்கம் ஏரி வரைக்கும் நடந்துட்டு வரேன். போன வாரம் ஒரு லாரிக்கார அண்ணன் நிறுத்தி, "வண்டி ரிப்பேரா தம்பி?"ன்னார். பாலைவனத்துக்குப் பயிற்சின்னேன். ஏரி இருக்குற திசையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், ஒண்ணும் சொல்லாம கிளம்பிட்டார்.

அந்தப் பக்கம் போனவங்க யாராச்சும் இருந்தா, தேவிகோட்டுக்கும் ஷிவ்வுக்கும் நடுவுல ராத்திரி எங்க தங்கலாம்னு சொல்லுங்களேன். அம்மாவுக்குப் பதில் சொல்லணும்.