அடுப்பு ஆறுவதற்கு முன்னே

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார இரயிலில் திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் ஆகிய நிலையங்களைக் கடந்தால் திருவாலங்காடு வரும். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் சென்றதும் இவ்வழியேதான். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகளால் பெயர் பெற்ற ஊர் இது. கரும்பு வயல்களும் சர்க்கரை ஆலையும் இவ்வூரின் இன்றைய அடையாளங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள் அங்குள்ள எங்கள் மாமி வீட்டிற்குச் சென்றிருந்தோம். கொல்லையில் வேப்பமர நிழலில் கரி அடுப்பு கனன்றது. தயிரிலும் மசாலாவிலும் ஊறிய குர்பானி இறைச்சி கம்பித் தட்டில் வெந்து மணம் பரப்பியது. முதல் துண்டைப் பேரப்பிள்ளைக்கு ஊட்டப் போன மாமி, அதைப் பிய்த்துப் பார்த்துத் திடுக்கிட்டார். இறைச்சியில் மயிரிழை போன்ற இரும்புக் கம்பியொன்று ஒட்டியிருந்தது! காலையில் தட்டைத் தேய்த்த கம்பி பிரஷிலிருந்து உதிர்ந்தது அது.

இதை அற்பமென்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை மட்டும் ஆறு பேர் இத்தகைய கம்பியை விழுங்கிச் சிகிச்சை பெற்றனர். சிலருக்குக் கழுத்துப் பகுதியிலும், சிலருக்குக் குடலிலும் அது குத்தியிருந்தது.

மாமி அந்தப் பிரஷை அன்றே எறிந்துவிட்டார். பின்னர் அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். சமையல் முடிந்து, தட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே, பாதியாக அரிந்த வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி அழுந்தத் தேய்த்தார். ஒட்டிய கரி இளகிற்று. பிறகு, முன்பே சலித்து வைத்திருந்த ஆறிய விறகுச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டு, வெந்நீர் விட்டுத் துலக்கினார். சாம்பலிலுள்ள காரம் கொழுப்போடு சேர்ந்து சோப்புப் போல் வேலை செய்கிறது. கை எரியாமலிருக்கக் கையுறை அணிவது நல்லது. அலுமினியத் தட்டுக்கு மட்டும் சாம்பல் ஆகாது, அரித்துவிடும். கழுவிய தட்டை ஈரமறத் துடைத்து, எண்ணெயை மெல்லியதாகப் பூசி வைத்தார்.

அடுப்புச் சாம்பலை மறுநாள்தான் அள்ள வேண்டும்; நீறு பூத்த நெருப்பு உள்ளே ஒளிந்திருக்கும். ஆறிய பின்பும் அள்ளாமல் விட்டால், அது ஈரத்தை இழுத்து அடுப்பைத் துருவேற்றும். மழை வந்தாலும் கனலும் அடுப்பை வீட்டிற்குள் கொண்டு செல்லாதீர்கள். கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாடையின்றியே உயிரைப் பறித்துவிடும்.

சர்க்கரை ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மாமா புன்னகையுடன் சொன்னார்: "கரும்பு அரைவை முடிந்ததும் கொதிகலனைத் துப்புரவு செய்த பிறகுதான் மூடுவோம். அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், துரு அதற்குள் தின்றுவிடும்."

நாமோ பெருநாளுக்குப் பெருநாள் அடுப்பைத் தூக்கி மூலையில் போட்டுவிடுகிறோம். பிறகு அவசரத்தில் கம்பியால் சுரண்டுகிறோம். தூய்மையை ஈமானோடு இணைத்துப் போற்றுகிறவர்கள் நாம். நம் கையால் உண்ணும் குழந்தையும் விருந்தாளியும் நம்மை நம்பியே வாய் திறக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம். வருகின்ற பெருநாளில், இன்ஷா அல்லாஹ், உண்ட கை உலர்வதற்கு முன்பே அடுப்பையும் கவனியுங்கள்!