மலிவான நகைக்கு ஒரு பெட்டி

தங்கம் வங்கிப் பெட்டகத்துக்குக் குடிபோய்விட்ட பிறகு வீட்டில் எஞ்சியிருக்கும் ஆபரணங்களுக்கு விலையென்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை என்பதும், விலையில்லாத அந்தப் பொருள்களுக்கே ஒரு நல்ல பெட்டி அவசியம் என்பதும், அட்டையையும் பசையையும் துணியையும் வைத்துக்கொண்டு நகைப்பெட்டி செய்வதை வெகுகாலமாகப் பழக்கமாகக் கொண்டுவிட்ட எனக்கு, மெல்ல மெல்லத் தெளிவான சங்கதிகள். தங்கத்துக்குப் பெட்டி எதற்கு? நாங்கள் இருக்கும் பெங்களூர் அல்சூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலில், 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வெட்டியெடுத்த அந்த உலோகம், கோடிக்கணக்கான ஆண்டுகள் வெண்கற்பாறையின் இடுக்கில் கிடந்தும் கறுக்காமல் வெளிவந்தது. அதற்கு வேண்டியது பூட்டு ஒன்றுதான். ரோஜா நிறக் காகிதத்தில் மடித்து ஆசாரி கொடுத்தபடியே பத்து வருஷம் வைத்திருந்தாலும் தங்கத்துக்கு ஒரு குறைவும் நேர்ந்துவிடாது.

கைக்கெட்டும் இடத்தில் வீட்டில் இருக்கும் மற்ற ஆபரணங்களின் நிலை வேறு. சிதம்பரம் கவரிங் சங்கிலியின் மேலுள்ள முலாம் மிக மெல்லியதாகையால், வியர்வையும் அத்தரும் படப்பட அது தேய்ந்து, அடியிலிருக்கும் செம்பு தலைகாட்டத் தொடங்கும். பட்டுநூல் சுற்றிய ஜிமிக்கி தூசியை வாங்கிக்கொண்டு மங்கும். சுடுமண் தோடு கைதவறி விழுந்த மாத்திரத்தில் இரண்டாகும். கண்ணாடி வளையலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் இத்தனை நகைகளும், லட்சம் பெறும் தங்கத்தைக் காட்டிலும் அதிக பராமரிப்பைக் கோருகின்றன என்ற விசித்திரத்தை ஏற்றுக்கொண்ட பிறகே இந்தக் கைத்தொழிலில் எனக்கு ஒரு ஒழுங்கு பிறந்தது.

நம் முன்னோர் வைத்திருந்த பேழையும் செப்பும் கள்ளறை வைத்த மரப்பெட்டியும் மறைப்பதற்காக ஏற்பட்டவை. திருடன் கண்ணுக்கும், சில வேளைகளில் சம்பந்தி கண்ணுக்கும் படாமல் பொருளைக் காப்பதே அவற்றின் முதல் தர்மம். இன்றைய பெட்டியோ, காலை எட்டு மணிக்கு அலுவலகப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஒரு பெண், திறந்த மாத்திரத்தில் தன்னிடமுள்ள தோடுகள் யாவும் கண்ணில் படும்படியாக இருக்க வேண்டும். ஏனெனில் கண்ணில் படாத கவரிங் நகை அணியப்படுவதேயில்லை, அணியப்படாமலே கறுத்துப் போவதுதான் அதன் விதி. பெட்டி செய்து தரும்படி என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் அளவு கேட்பதில்லை. நகைகளையெல்லாம் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிக் காட்டச் சொல்கிறேன். எது தொங்க வேண்டும், எது கிடக்க வேண்டும், எது தனித்திருக்க வேண்டும் என்பதை அந்தப் பரப்பலே சொல்லிவிடும், பெட்டியின் நீள அகலம் அதற்குப் பிறகு தானாக வந்து சேரும்.

தனித்திருக்க வேண்டியவற்றில் தலையானது வெள்ளி. வெள்ளி கறுப்பது அழுக்கினால் அன்று. காற்றிலுள்ள கந்தக வாயு அதன் மேற்பரப்போடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் கரும்படலத்தை உண்டாக்குகிறது, ஈரம் அந்தச் சேர்க்கையைத் துரிதப்படுத்துகிறது. நம் ஊரோ கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு உலர்ந்த ஊர் என்று பெயர் வாங்கியிருந்தாலும், செப்டம்பர் அக்டோபர் மாதங்களில் பெய்யும் மழையில் அலமாரியின் உட்சுவர்கூட வியர்த்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சாக்கடை கலந்து தேங்கும் ஏரிகளிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு எழும் ஹைட்ரஜன் சல்பைடு, ஏரிக்கரைக் குடியிருப்புகளின் கொலுசையும் குத்துவிளக்கையும் விசாரிக்காமல் விடுவதில்லை. பெள்ளந்தூர் ஏரி 2017இல் தீப்பற்றி எரிந்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசிற்று. அதே ஏரிகள் பூஜையறை வெள்ளியைச் சத்தமில்லாமல் கறுக்கச் செய்வதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஆனால் வெளிக்காற்றைக் குறை சொல்லி முடிப்பதற்கு முன், பெட்டிக்குள்ளே நாமே கொண்டுபோய் வைக்கும் கந்தகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கம்பளி இழையில் இயல்பாகவே கந்தகம் உண்டு. ரப்பர் வளையத்தைக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள். பருத்தித் துணிக்குக் கறுப்பேற்றப் பயன்படும் சாயங்களில் ஒருவகை கந்தகச் சாயமே. ஆகவே கறுப்பு வெல்வெட்டின்மேல் வெள்ளி எடுப்பாகத் தோன்றும் என்பதற்காகக் கடைகளில் விற்கும் பெட்டிகளில் அதை விரிக்கும் வழக்கத்தை நான் பின்பற்றுவதில்லை; பலமுறை துவைத்துக் கஞ்சியும் சாயமும் அறவே போன பழைய வேட்டித் துண்டே வெள்ளிக்கு உத்தமமான விரிப்பு என்பது என் அபிப்பிராயம். வெள்ளியோடு சாக்கட்டி போட்டு வைப்பது பாட்டிமார் வழக்கம். அது ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்ற அளவில் பிரயோஜனமுள்ளது. மருந்துப் புட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் அதைவிடத் திறமையாக உழைக்கும்; நீல நிற வகையாயின், ஈரத்தை உண்டு நிறைந்ததும் இளஞ்சிவப்பாக மாறித் தன் நிலையைத் தானே அறிவித்துவிடும்.

மெத்தைக்குப் போடும் ஃபோமையும் நான் விலக்கி வைத்திருக்கிறேன். மோதிரம் செருக அதில் கீறல் போடுவது சுலபம், பார்வைக்கும் கடைப்பெட்டி போலவே அமையும். ஆனால் சில வருஷங்களில் அது மஞ்சளித்துப் பிசுபிசுத்துப் பொடியாக உதிர்ந்து, கல்வைத்த மோதிரத்தின் இடுக்குகளிலெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். மோதிரத்துக்குப் பழைய பருத்திப் புடவையை விரற்கடை கனத்தில் இறுகச் சுருட்டித் தைத்த சுருள்களை வரிசையாக அடுக்கினால் போதும். சுருளுக்கும் சுருளுக்கும் இடையில் மோதிரம் நிமிர்ந்து நிற்கும்.

அட்டையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் வீட்டில் செய்யும் பெட்டிகள் பெரும்பாலும் அழகுக் குறைவினால் கெடுவதில்லை, அட்டை கோணிக்கொள்வதனால்தான் கெடுகின்றன. அவென்யூ ரோட்டில் பள்ளிப் புத்தகங்களும் கணக்குப் பேரேடுகளும் விற்கும் கடைகளின் பின்சந்துகளில் இன்னும் புத்தகம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் வயோதிகர் ஒருவரிடம் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள மில்போர்டு அட்டை வாங்கும்போது, அவர் தமிழும் கன்னடமும் கலந்த பேச்சில், “மடக்கிப் பாருங்கம்மா, எந்தப் பக்கம் இணங்குதோ அந்தப் பக்கம்தான் அட்டையோட ஓட்டம்” என்று காட்டித் தந்தார். காகித இழைகள் இயந்திரத்தில் ஓடிய திசையில் படிந்து கிடக்கின்றன; பசையின் ஈரம் பட்டதும் அட்டை அந்த ஓட்டத்துக்குக் குறுக்காகவே விரியும், உலரும்போது குறுக்காகவே சுருங்கும். மூடியின் கீலுக்கு இணையாக ஓட்டம் அமையும்படி அட்டையை வெட்டிக்கொண்டு, வெளியே துணி ஒட்டிய அன்றே உட்புறமும் அதே இழுவையுள்ள காகிதத்தை ஒட்டி, கனமான புத்தகங்களின் அடியில் இரவு முழுவதும் வைத்துவிட்டால், இருபக்க இழுப்பும் ஒன்றையொன்று சமன்செய்து பலகை நேராக நிற்கும். ஒருபக்கம் மட்டும் ஒட்டிய மூடி, மழைக்காலம் வந்ததும் அப்பளம்போல் வளைந்துகொள்ளும்.

பசை விஷயத்தில் கடைப்பசையை நான் வெறுப்பவளல்ல; ஆயினும் துணி ஒட்டுவதற்குக் காய்ச்சிய மைதாப் பசையே எனக்குக் கைவந்தது. ஒட்டிய துணியை நகர்த்திச் சரிசெய்ய அது அவகாசம் தருகிறது, துணியின் மேல் கறையாக ஊறி வருவதுமில்லை. பூச்சி வராமலிருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. குழந்தைகள் புழங்கும் வீட்டில் அந்த விஷத்தை நான் சேர்ப்பதில்லை.

மூடி பொருந்துவது ஒரு தனி வித்தை. மைசூர் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் வரும் சென்னப்பட்டணத்தில், ஆலே மரமென்று கன்னடத்தார் கூறும் வெட்பாலையின் வெளிறிய மென்மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வர்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படர, அதைத் தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பேற்றும் கைவினைஞர்கள், குங்குமச் சிமிழின் மூடியைக் கண்ணளவாலேயே பொருத்திவிடுகிறார்கள். மூடியை அடிச்சிமிழின்மேல் வைத்துக் கையை எடுத்தால், உள்ளேயுள்ள காற்று மெல்ல வெளியேற, அது தானாக இறங்கி உட்காரும். அட்டைப் பெட்டியில் அந்தப் பக்குவத்துக்கு ஓரளவு நெருங்கலாம். அடிப்பெட்டிக்கு முதலில் துணி போர்த்து முடித்து, அந்தப் போர்த்திய பெட்டியின்மேல் ஒரு தாளைச் சுற்றி அளவெடுத்து, மூடியின் உட்புறம் வரப்போகும் காகிதத்தின் கனத்தையும் கூட்டிக்கொண்டு, பிறகே மூடியை வெட்ட வேண்டும். அடியையும் மூடியையும் ஒரே வேளையில் கணக்குப் போட்டு வெட்டுகிறவர்களின் மூடி, துணியின் கனத்தை மறந்துவிடுவதால் இறுகிக் கிழியும்.

வளையலுக்குப் பெட்டியைவிடக் குழல் மேல். சிக்பேட்டை ஜவுளிக் கடைகளில் துணி சுற்றி வரும் காகிதக் குழல்களைக் கேட்டால் இனாமாகவே தருவார்கள். கடைக்காரர் இரண்டு நாலு, இரண்டு ஆறு, இரண்டு எட்டு என்று சொல்லும் வளையல் அளவில் பின்னால் வரும் எண் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கைக் குறிப்பது. ஆகவே இரண்டு நாலு என்பது இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர் உள்விட்டம். குழலின் வெளிவிட்டம் 50 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருந்தால் வளையல் உரசாமல் ஏறி இறங்கும். நாலு மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி வளையல் ஆறு டஜன், 30 சென்டிமீட்டர் குழலில் அடங்கும். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மலிவாகவும் வழுவழுப்பாகவும் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நாளடைவில் பிவிசியிலிருந்து கசியும் அமில ஆவி கவரிங் முலாமுக்கு ஆகாது.

ஜிமிக்கி கிடக்கலாகாது, தொங்க வேண்டும். கிடந்தால் அதன் குடை நசுங்கும், முத்துக்குச்சங்கள் ஒன்றோடொன்று சிக்கும். படம் போன பழைய சட்டத்தில் கொசுவலைக் கம்பியை இழுத்து அடித்து, மூடியின் உட்புறத்தில் பொருத்திவிட்டால், கொக்கிகளை மாட்டிக்கொள்ளும் ஒரு சுவர் உண்டாகிவிடும். திருகாணித் தோட்டுக்கு இது பொருந்தாது. தோடு ஓரிடத்திலும் திருகாணி ஓரிடத்திலுமாக இருக்கும் வீடுகளில் ஒரு திருகாணி குளியலறைச் சாக்கடையோடு போவது நிச்சயமாகையால், கெட்டி அட்டையில் துணிபோர்த்து ஊசியால் துளையிட்டு, தோட்டை முன்னிருந்து செருகிப் பின்னால் திருகாணியை முடுக்கி வைக்கும்படி ஒரு பலகை செய்கிறேன். இத்தனை பெட்டிகளிலும் பெண்கள் மனமார நன்றி சொல்வது இந்தச் சிறு பலகைக்குத்தான்.

வெளி அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய இப்ராஹிம் சாஹிப் தெருவில் லேசும் சரிகைக் கரையும் பொத்தானும் வேண்டிய மட்டும் கிடைக்கும். கிழிந்த பட்டுப்புடவையின் முந்தானை இருந்தால் அவைகூட வேண்டாம். பட்டுநூல் ஜிமிக்கிக்காக விற்கும் நூலில் பெரும்பகுதி ரேயான்தான் என்பதை மட்டும் இடைப்பட்டுச் சொல்லிவைக்கிறேன். பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர்போன ராமநகரம் சென்னப்பட்டணம் போகும் வழியிலேயே இருக்க, மத்தியப் பட்டு வாரியமும் இதே ஊரில் இருக்க, அந்த வாரியத்தின் பெயர் அதை ஒட்டிய சாலைச் சந்திப்பினால் பெங்களூர்வாசிகளுக்குப் போக்குவரத்து நெரிசலை மட்டும் நினைவூட்டுவதாகவும், பட்டென்ற பெயரில் மரக்கூழ் இழை காதில் தொங்குவதாகவும் ஆகிவிட்டது.

முத்துக்கு மட்டும் என் பெட்டியில் இடமில்லை. வைரத்தின் கடினம் பத்தாகவும் கெம்பின் கடினம் ஒன்பதாகவும் சாதாரணத் தூசியிலுள்ள குவார்ட்ஸ் என்னும் வெண்கல் துகளின் கடினம் ஏழாகவும் இருக்கும் அளவையில், முத்து மூன்று நான்கைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் இருக்கும் கல்லும் தூசியும் முத்தைக் கீறிவிடும். வெள்ளிக்கு நன்மை செய்யும் சிலிக்கா ஜெல் முத்தின் உள்ளீரத்தை உறிஞ்சி அதை வெடிக்கச் செய்யலாம். சுண்ணச் சத்தாலான அதன் உடலுக்குப் பசையிலிருந்தும் அட்டையிலிருந்தும் எழும் மெல்லிய அமில ஆவியும் ஆகாது. ஆகவே முத்துமாலையைக் காட்டிப் பெரிய பெட்டியாகக் கேட்கும் பெண்மணிகளிடம், மற்றவற்றுக்குப் பெட்டி செய்து கொடுத்துவிட்டு, மாலைக்கு நாடா கோத்த மல்துணிப் பை ஒன்றைத் தைத்துத் தருகிறேன். அதைப் பெட்டிக்கு வெளியே, புடவைகளின் நடுவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பைக்கு நான் பணம் வாங்குவதில்லையாகையால், பெட்டிக்குச் சொன்ன விலையில் அவர்கள் பேரம் பேசுவதும் கொஞ்சம் குறைகிறது.