அக்காவின் காய்ச்சல்

எங்கள் கடத்தூர் வெற்றிலைச் சந்தையில் எந்த ரகசியமும் அரை மணி நேரம் தாங்காது. அதற்குப் பயந்தே அக்கா பத்து நாள் காய்ச்சலை மறைத்துவிட்டாள்.

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து, சிலிகான் வைத்து ஒன்றரை மாதம். அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டிருக்கிறது. "உடம்புச் சூடுதான்டா!" என்றாள். அம்மா மஞ்சள் அரைக்கக் கிளம்ப, நான் அக்காவைத் தர்மபுரி பஸ்ஸில் ஏற்றினேன்.

"தண்ணித் தொட்டியில பாசி வழுக்குமே தம்பி... அந்த மாதிரி கிருமி சிலிகான் மேல படிஞ்சிடும். அதுக்குள்ள மருந்து சரியாப் போகாது" என்றார் டாக்டர். முதலில் ஊசி மூலம் ஆன்டிபயாடிக். கேட்காவிட்டால் சிலிகானையே எடுத்து, சில மாதம் ஆறவிட்டு, மறுபடி வைப்பார்களாம். சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாமாம். என் பி.காம். மூளை செலவைக் கூட்டிப் பார்த்து 'முதலுக்கே மோசம்' என்றது. வெட்கங்கெட்ட மூளை!

2018-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அரசாங்கமே மார்பக பிளாஸ்டிக் சர்ஜரியை இலவசமாக ஆரம்பித்தபோது, நான் வேலை பார்த்த ஆபீஸில் அடித்த ஜோக்குகள் இருக்கிறதே... வேண்டாம் சார். அதிகம் சிரித்தவன் நான்தான்.

மருந்து கேட்கவில்லை, எடுத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில், "தம்பிகிட்ட இதை எப்படிடா சொல்றது?" என்றாள் அக்கா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி வைப்பதா, வேண்டாமா என்று அவள் இன்னும் சொல்லவில்லை. டாக்டர் வரச்சொன்ன தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.