ஒற்றை நாற்காலி மலை

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மாண்ட் என்றொரு சின்ன மாநிலம். அங்கே ஜெனரல் ஸ்டார்க் என்ற மலையின் சரிவில் மேட் ரிவர் க்ளென் என்ற பனிச்சறுக்கு மையம் இருக்கிறது. பாஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குளிர்காலத்தில் போனால், மாப்பிள்ளை எங்களை அங்கே அழைத்துப் போவார். எனக்குச் சறுக்கத் தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. அடிவாரக் கட்டடத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையையும் மனிதர்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்த மலையோடு எனக்கு ஒரு தனிச் சொந்தம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கத்திலேயே பெரிய ரிசார்ட்டுகள் இருக்கின்றன. வேகமான லிஃப்ட், சொகுசு விடுதி, கடைவீதி என்று எல்லாமும் அங்கே உண்டு. ஆனால் உள்ளூர்க்காரர்கள் இங்கேதான் வருகிறார்கள். கையுறை கிழிந்த இடத்தில் சாம்பல் நிற டேப் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, பையைச் சுவரோரம் வைத்துவிட்டு மலையேறப் போய்விடுவார்கள். நண்பகலில் திரும்பி வந்து, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டே காலையில் எந்தப் பாதையில் பனி நன்றாக இருந்தது என்று பேசுவார்கள். முதல் தடவை அந்த மேசையில் இடம் தேடி நின்றபோது, வெள்ளைத்தலைப் பாட்டி ஒருவர் தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கும் மனைவிக்கும் இடம் விட்டார். பேரனுக்குச் சறுக்குக் காலணியின் கொக்கியை எப்படி இறுக்குவது என்று காட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

இந்த இடத்தை உருவாக்கியவர் ரோலண்ட் பால்மீடோ என்ற நியூயார்க் வங்கியாளர். இதே மாநிலத்தில் ஸ்டோவ் என்ற ஊரில் பனிச்சறுக்கு வளர்வதற்கு முன்னின்று உழைத்தவர். 1940-ல் அங்கே வந்த ஒற்றை நாற்காலி லிஃப்டுக்கும் அவர் முயற்சியே காரணம். பிறகு அந்த ஊரில் வியாபாரம் பெருகி, மலை இரண்டாம் பட்சமாகிவிட்டதாக அவருக்குப் பட்டது. அதனால் வேறு மலை தேடினார். 1948-49 குளிர்காலத்தில் மேட் ரிவர் க்ளென் திறந்தது. சறுக்க வருகிறவர்களுக்காக ஒரு மலை, அவ்வளவுதான் அவர் கேட்டது.

அன்று போட்ட ஒற்றை நாற்காலி லிஃப்ட் இன்றும் அங்கே ஓடுகிறது. இந்த நாற்காலி பிறந்த கதை சுவையானது. 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் உலகின் முதல் சேர்லிஃப்டை வடிவமைத்த ஜிம் கரன், யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர். வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் இயந்திரத்தைப் பார்த்தவர், கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் மனிதர்களை மலையில் ஏற்றலாமே என்று யோசித்தார். அந்த வழியில் வந்த ஒற்றை நாற்காலி லிஃப்டுகளில் அமெரிக்காவில் இப்போது மிஞ்சியிருப்பவை இரண்டுதான். ஒன்று அலாஸ்காவில், மற்றது இங்கே.

ஒரு நாற்காலியில் ஒருவர்தான் போகலாம். மணிக்கு ஏறக்குறைய 500 பேரைத்தான் மேலே கொண்டுபோக முடியும். நவீன லிஃப்டுகள் அதைப் போல நான்கைந்து மடங்கு ஏற்றிவிடும். அதனால் சனி, ஞாயிறுகளில் வரிசை நீளும். ஆனால் அந்த வரிசையில் சலிப்பைப் பார்க்க முடியாது. மேலே போகும்போது பேச ஆளில்லை என்பதால், பேச வேண்டியதையெல்லாம் கீழேயே பேசிவிடுகிறார்கள். லிஃப்டுக்கு நேர் கீழே செங்குத்தாக ஒரு பாதை இறங்குகிறது. அதில் யாராவது அழகாகத் திரும்பி இறங்கினால், நாற்காலிகளில் தொங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துப் பாராட்டுவார்கள்.

ஒருநாள் பேத்தி முதன்முறையாக அந்த நாற்காலியில் ஏறப் போனாள். அங்கே நிற்கும் பணியாளர், சுற்றி வரும் நாற்காலியைக் கையால் பிடித்து வேகத்தைத் தணித்து, ஏறுகிறவரின் முழங்காலுக்குப் பின்னால் மெல்லக் கொண்டுவந்து வைப்பார். குழந்தை பயத்தில் ஒரு நொடி முன்னதாகவே உட்காரப் பார்த்து, பனியில் சரிந்தாள். லிஃப்ட் நின்றது. மலை நெடுக நாற்காலிகள் காற்றில் ஆடிக்கொண்டு நின்றன. கீழே நீண்ட வரிசை. எனக்கு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பணியாளர் அவளைத் தூக்கி நிறுத்தி, ஆடையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, ஏதோ சொன்னார். பின்னால் நின்ற தாடிக்காரர் அவளுடைய ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்ததும் வரிசை முழுக்கக் கைதட்டியது. திரும்பி வந்தவளிடம், "என்னம்மா சொன்னார் அந்த மாமா?" என்று கேட்டேன். "அவரும் சின்னப் பையனா இருக்கும்போது இதே இடத்துலதான் விழுந்தாராம் தாத்தா" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பயமே இல்லை.

இப்போது கூட்டுறவு விஷயத்துக்கு வருகிறேன். 1972-ல் இந்த மையம் பெட்ஸி பிராட் என்ற பெண்மணியின் கணவர் உள்ளிட்டோர் கைக்கு மாறியது. பிறகு கணவர் இறந்துவிட, பெட்ஸி தனியாக இதை நடத்தினார். வயதான காலத்தில் விற்க நினைத்தபோது, அவர் பெரிய நிறுவனங்களைத் தேடிப் போகவில்லை. இந்த மலையை நேசிப்பவர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். 1995-ல் சறுக்க வருகிறவர்கள் பங்கு போட்டுக் கூட்டுறவாக வாங்கினார்கள். பணம் படைத்த ஒருவரே எல்லாப் பங்கையும் குவித்துவிட முடியாதபடி உச்சவரம்பு வைத்தார்கள். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கி, உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராததாலேயே வாடிப்போன சங்கங்களை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பங்கு வாங்கியவர் பொறுப்பையும் சேர்த்து வாங்கினால்தான் சங்கம் பிழைக்கும். இங்கே பிழைத்திருக்கிறது.

இலையுதிர் காலத்தில் உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்து, பாதைகளில் மண்டிய புதரை வெட்டித் துப்புரவு செய்கிறார்கள். கூலியாட்களை வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் புதர் வெட்டிய கைக்கு அந்தப் பாதை சொந்தமாகிவிடுகிறது. நம் ஊர்களில் குடிமராமத்து என்று ஆளுக்கொரு மண்வெட்டியோடு ஏரியைத் தூர்வாரினார்களே, அந்தச் சொந்தம்தான் இதுவும்.

லிஃப்ட் பழசாகி, பெரிய செலவு வைக்கும் நிலைக்கு வந்தபோது உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டு பேர் உட்காரும் புதிய லிஃப்ட் போட்டிருந்தால் வரிசை பாதியாகியிருக்கும். அவர்கள் பழையதைச் சீரமைக்கவே வாக்களித்தார்கள். நன்கொடை திரட்டி, கோபுரங்களை ஹெலிகாப்டரால் தூக்கி இறக்கி, துருவை நீக்கி, வண்ணம் பூசி மறுபடி நட்டு, 2007-ல் ஓடவிட்டார்கள். 2012-ல் இந்த இடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது.

பழைய லிஃப்டையே வைத்துக்கொண்டதற்குப் பழமை மோகம் மட்டும் காரணமில்லை. இந்த மலை பெரும்பாலும் வானத்திலிருந்து விழும் பனியையே நம்பியிருக்கிறது. மற்ற இடங்களைப் போல இயந்திரம் வைத்து மலை முழுக்கப் பனி தயாரிப்பதில்லை. சறுக்குப் பலகைகளின் இரும்பு விளிம்பு பனியைச் சுரண்டிக்கொண்டே இறங்கும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கினால், காட்டுக்குள் ஓடும் அந்தக் குறுகலான பாதைகளில் மதியத்துக்குள் பனிக்கட்டியும் பாறையும்தான் மிஞ்சும். ஏறுகிறவர்கள் குறைவு என்பதால் பனி தாக்குப்பிடிக்கிறது. கீழே காத்திருக்கும் நேரத்துக்கான பலன் மேலே கிடைத்துவிடுகிறது.

இளமையில் எதையும் எண்ணிக்கையால்தான் அளந்தேன். இத்தனை புதிய உறுப்பினர்கள், இத்தனை கிளைகள் என்று அறிக்கை எழுதும்போது ஒரு பெருமிதம் இருக்கும். அந்த உற்சாகமும் அந்த வயதுக்கு வேண்டியதுதான். ஆனால் எது வரைக்கும் வளரலாம் என்று கூடிப் பேசி, இவ்வளவு போதும் என்று முடிவெடுக்க அதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டும் என்பதை இப்போது உணர்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தல். ஸ்னோபோர்டு என்னும் ஒற்றைப் பலகைக்கு இங்கே அனுமதியில்லை. இரட்டைப் பலகை கட்டியவர்கள் மட்டும்தான் வரலாம். ஸ்னோபோர்டு மேல் ஆசை கொண்ட பேரன், "மலை எல்லாருக்கும் பொதுதானே தாத்தா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். உறுப்பினர்கள் வாக்களித்து வைத்திருக்கும் விதி என்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஒன்றைக் காப்பாற்றப் போடும் வேலி, வரவேண்டிய ஒருவரை வெளியே நிறுத்திவிடக்கூடாது. அதை அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதும் காப்பவர்களின் கடமைதான்.

இளையவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் நீங்கள் விரும்பும் ஒரு பொது இடம் இருக்கும். நூலகமோ, விளையாட்டுத் திடலோ, பழைய சந்தையோ எதுவானாலும் சரி, யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அதன் கூட்டத்துக்குப் போங்கள். வருஷத்தில் ஒருநாள் கைவேலை செய்யுங்கள். கொஞ்சம் காத்திருக்க நேர்ந்தால் முகம் சுளிக்காமல் காத்திருங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை தடுக்கி விழுந்தால், அது எழுந்து நிற்கும் வரை வரிசை நிற்கட்டும்.