டங்கன் மன்னனின் நம்பிக்கை

கல்லூரி நாட்களில் 'மக்பெத்' நாடகம் நமக்குப் பாடமாயிருந்தது. டங்கன் மன்னனின் குணநலனை விவரிக்க என்ற வினாவுக்கு, 'ஏமாளி' என்ற ஒரே சொல்லை நான்கு பக்கங்களுக்கு நீட்டி எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். பல ஆண்டுகளுக்குப் பின் நண்பரொருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டோம். அவர் ஊரைவிட்டே போய்விட, தவணைதோறும் நாமே பணம் கட்ட நேர்ந்தது. அந்நாட்களில்தான் அப்பழைய நூலை மீண்டும் கையிலெடுத்தோம்.

டங்கன் மேடையில் தோன்றுவது சில காட்சிகளில் மட்டுமே. முதல் அங்கத்தோடு அவன் வருகை முடிந்துவிடுகிறது. துரோகியான காடர் பிரபுவுக்கு மரண தண்டனை விதித்து, அப்பட்டத்தை மக்பெத்துக்கு அளிக்கிறான். முகத்தைக் கண்டு அகத்தை அறியும் வித்தை உலகில் இல்லையென்று அவன் வருந்திக்கொண்டிருக்கும்போதே மக்பெத் உள்ளே நுழைகிறான். மன்னனோ அவனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகாது என்று உருகுகிறான். தான் சொன்னது தன் செவியிலேயே ஏறவில்லை!

அன்று நாம் எழுதியது முழுத் தவறன்று. வெற்றி தேடித் தந்த வீரனின் எதிரிலேயே தன் மகன் மால்கமை வாரிசென அறிவித்தது விவேகமற்ற செயலென்றே இன்றும் கருதுகிறோம். ஆயினும், இன்வர்னஸ் கோட்டை வாயிலில் அவன் நிற்கும் காட்சியை அன்று நாம் ஊன்றி வாசிக்கவில்லை. இவ்விடத்துக் காற்று இனிமையானது என மகிழ்கிறான். சுவரில் குருவிகள் கூடு கட்டியிருப்பதைப் பாங்க்கோ காட்டுகிறான். உறங்கச் செல்லுமுன் அவ்வீட்டுத் தலைவிக்கு ஒரு வைரம் அனுப்புகிறான் மன்னன். உறவினன், குடிமகன், விருந்தளிப்பவன் என மூவகையிலும் அவனைக் காக்கக் கடமைப்பட்ட கையே அவனைக் குத்துகிறது. உறங்கும் அம்முகம் தன் தந்தையின் முகம்போல் இருந்ததால், கொலைக்குத் தூண்டியவளுக்கே கை எழவில்லை.

வரலாற்று டங்கன் இவனல்லன். 1034 முதல் 1040 வரை ஸ்காட்லாந்தை ஆண்ட அவன், மக்பெத்தின் படையோடு பொருது மாண்டவன். ஷேக்ஸ்பியர் கையாண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல் அவனை, குற்றவாளிகளைத் தண்டிக்கத் தயங்கும் மென்மையான அரசனாகக் காட்டுகிறது. கவிஞரோ அக்குறையை விலக்கி, முதுமையையும் தூய்மையையும் கொடுத்தார்; டஃப் என்ற வேறொரு மன்னன் கோட்டையில் கொலையுண்ட கதையை இவனுக்குச் சேர்த்தார். மன்னன் கெட்டவனாயிருந்தால் நாம் மக்பெத்தைப் பாதி மன்னித்திருப்போம் அல்லவா?

"இனி யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள், அப்பா" என்றான் நம் மகன். சரியென்றோம். மனம் ஒப்பவில்லை.

மால்கமும் அவ்வாறே கற்றுக்கொண்டவன். இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த அவனைத் தேடி மக்டஃப் வருகிறான். அவன் மக்பெத்தின் கையாளோ என ஐயுற்ற மால்கம், தன்மீது தானே இல்லாத பழிகளையெல்லாம் சுமத்திக்கொண்டு அவனைச் சோதிக்கிறான். தந்தை செய்த பிழையை மகன் செய்யவில்லை, அறிவுடைய செயல்தான். ஆனால் முந்திய காட்சியிலேயே மக்டஃபின் மனைவியும் மக்களும் கொலையுண்டுவிட்டனர். அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அது அறியாமல், தான் துரோகியல்லன் என்று அந்த அந்நிய நாட்டில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறான் மக்டஃப்.