ஹட்டனில் ஒரு பெறுபேற்றுக் காலம்

இலங்கையின் மலைநாட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிரையும் தேயிலையையும்தான் எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் நான் போன நேரம் வேறு மாதிரி அமைந்துவிட்டது, சகோதரிகளே! 2023 செப்டம்பர் கடைசி. அந்த மாதம் 4ஆம் தேதிதான் அங்கே உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்திருந்தன. உயர்தரம் என்றால் நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. முடிவை அங்கே ‘பெறுபேறு’ என்பார்கள். ஹட்டனில் என் ராத்தா வீட்டில் அடுப்பங்கரை முதல் முன்கூடம் வரை அந்த ஒரு சொல்தான்.

ராத்தா என் பெரியம்மா மகள். எங்கள் பாட்டனார் காலத்தில் வியாபாரத்துக்காகக் கண்டிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட கிளை அவர்களுடையது. மச்சானுக்கு ஹட்டன் கடைத்தெருவில் ஒரு சிறிய புடவைக்கடை. மூத்த மகள் டாக்டராக வேண்டும், அதுவும் பேராதனையில் படித்து ஆக வேண்டும் என்று பத்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள். உயிரியல் பிரிவில் எழுதினாள். மூன்று பாடங்களிலும் சித்தி. ஆனால் மருத்துவத்துக்கு எட்டாது போலிருந்தது.

நான் கண்டியில் ரயில் ஏறியபோது போனில் சொன்னாள்: “சாச்சி, சரசவி உயன ஸ்டேஷன் வரும். அங்க பாருங்க.”

கண்டியிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் வருகிறது அந்தச் சின்ன நிலையம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வாசல் போலவே இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் மகாவலி ஆற்றங்கரையான பேராதனைக்கு இடம் மாறியது. மருத்துவ பீடம் 1962இல் வந்தது. பெரிய மரங்கள், ஓடு வேய்ந்த கட்டடங்கள், புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நடக்கும் பெண்கள், அவர்களில் சிலர் தலையில் முக்காடு. ஒரு நிமிடக் காட்சிதான். பிள்ளைக்கு ஏன் இந்த இடம் மனதில் ஒட்டிக்கொண்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு வரும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துக்கொண்டுதானே வளர்ந்திருப்பாள்!

அடுத்து கம்பளை. இந்த ஊர் ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர்தான் பதியுத்தீன் மஹ்மூத். 1970 முதல் 1977 வரை இலங்கையின் கல்வி அமைச்சர். அவர் காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் ‘தரப்படுத்தல்’ வந்தது. முதலில் 1971இல் மொழிவாரியாக. தமிழில் எழுதியவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. 1974இல் மாவட்டவாரி ஒதுக்கீடு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது ஆறாத காயமாயிற்று. மொழியைப் பார்த்துப் புள்ளியை அளந்தது அநியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. மாவட்டத்தைப் பார்ப்பது வேறு சங்கதி. ஏன் என்பது மலையேறினால் தெரியும்.

நாவலப்பிட்டிக்குப் பிறகு ரயில் மூச்சு வாங்குகிறது. வட்டவளையில் நல்ல மழை. ஜன்னலை மூடுவதா, தேயிலைச் சரிவுகளைப் பார்ப்பதா என்று எனக்கும் எதிரில் இருந்த சிங்கள அம்மாவுக்கும் மௌனமாக ஒரு வழக்கு நடந்தது. ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேலே நாலாயிரம் அடிக்குச் சற்று அதிகம். நிலையத்தில் இறங்கினால் ஒரே படிக்கட்டும் ஏற்றமும். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித்தான் பஸ் பிடிக்கிறார்கள். நம்மவர்கள் அதை பாவா ஆதம் மலை என்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிளேன்டீயும் சீனிச் சம்பல் வைத்த பனிஸும் வந்தன. பெறுபேறும் கூடவே வந்தது.

“நீயே சொல்லு. இந்த முறை கிடைக்கிறதை எடுத்துக்கச் சொல்றேன். கேக்க மாட்டேங்கிறா” என்றார் ராத்தா. மச்சான் ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை மடித்து மடித்து வைத்தார். மகள் என்னைப் பார்க்கவே இல்லை.

அங்குள்ள முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த வழக்கு விளங்கும். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி வரிசை போடுவது அங்கே இல்லை. 2001 முதல் ‘இசட் புள்ளி’ என்று ஒரு கணக்கு. ஒரு பாடத்தில் எல்லோரும் சராசரியாக எவ்வளவு எடுத்தார்கள், அந்தச் சராசரியிலிருந்து நீ எவ்வளவு மேலே நிற்கிறாய் என்று பார்ப்பது. கடினமான வினாத்தாளில் எடுத்த 60, எளிதான வினாத்தாளில் எடுத்த 70ஐ விட உயர்ந்ததாகிவிடலாம். மூன்று பாடத்துக்கும் அப்படிப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். மற்ற இரண்டும் நன்றாக இருந்து ஒன்று இறங்கினாலும் மொத்தமும் இறங்கிவிடும். இவளுக்கு இறக்கியது இரசாயனம்.

அப்புறம் மாவட்டம். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் ஏறக்குறைய 40 சதவீத இடம் நாடு முழுவதற்கும் பொது வரிசை. 55 சதவீதம் மாவட்டங்களின் ஜனத்தொகைப்படி. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்த 16இல் ஒன்று. அதனால் ஹட்டன் பிள்ளையின் வெட்டுப்புள்ளி கொழும்புப் பிள்ளையுடையதை விடக் குறைவாக இருக்கும். கலைப் பிரிவுக்கு இது கிடையாது, எல்லாம் பொது வரிசைதான். இத்தனைக்கும் பிறகு, பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் இடம்.

உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். நம் ஊரில் நீட் தேர்வுக்கு எத்தனை தடவை என்று வரம்பே இல்லை. வீட்டில் ஒரு பிள்ளை நாலாவது வருடமாகப் படித்துக்கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம். அங்கே மூன்றோடு கதவு சாத்தப்படும். சில சமயம் அதுவே நல்லதோ என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு வருடத்துப் பெறுபேற்றில் கிடைத்த துறையில் பெயர் பதிந்துவிட்டால், அடுத்த வருடப் பெறுபேற்றைக் காட்டி வேறு துறை கேட்க முடியாது என்பது பொது விதி. அதனால்தான் விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதுவதே ஒரு பெரிய காரியமாகிவிடுகிறது. மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலை இவள் கிழியும்வரை புரட்டியிருந்தாள். மருத்துவத்துக்குக் கீழே எதை எழுதுவது? ராத்தா சொன்னது யூனானி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் ராஜகிரியாவில் ஆயுர்வேதத்தோடு யூனானியும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள். படிப்பு ஐந்து வருடம், அதன்மேல் பயிற்சி ஒரு வருடம். “நம்ம முன்னோர் வைத்தியம்தானே மகளே, பேருக்கு முன்னாலே டாக்டர்னு போட்டுக்கலாமே” என்று நானும் ஒத்து ஊதினேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். “விருப்பமில்லாம படிச்சிட்டு நான் நாடி பிடிச்சா நோயாளிக்குத்தானே நஷ்டம், சாச்சி?”

நான் வாயை மூடிக்கொண்டேன். பெயருக்கு முன்னால் போடுவதற்காக ஒரு படிப்பைச் சொன்னது என் தவறுதான்.

ஆனால் திரும்ப எழுதுவதும் லேசு இல்லை. கொரோனாவால் பரீட்சைக் காலண்டர் புரண்டு போயிருந்தது. 2022க்கான பரீட்சையே 2023 ஜனவரியில்தான் ஆரம்பித்தது. அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில். கையில் நாலு மாதம்கூட இல்லை. மருத்துவ வெட்டுப்புள்ளியோ இன்னும் வெளியாகவே இல்லை. போன வருடத்ததை வைத்து ஊகிப்பதுதான். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலேயே அடுத்ததற்குப் படிக்க உட்கார வேண்டும். இதற்கிடையே பார்க்க வருகிற பெண்கள் வேறு! ஒரு கையில் வட்டிலப்பம், மறு கையில் “எத்தனை ஏ எடுத்தாள்?” என்ற கேள்வி. அவள் எழுதியது எப்படிப்பட்ட வருடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. காகிதமில்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். டீசல் இல்லாமல் பஸ் ஓடவில்லை. கண்டி டியூஷன் வகுப்புக்குப் போக மூன்று மணி, வர மூன்று மணி. பாதி நாள் போகவே முடியவில்லையாம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன் என்று பழைய ஆட்கள் பெருமை பேசுவார்கள். இவளுக்கு அந்த மண்ணெண்ணெய்க்கும் வரிசை!

மறுநாள் லுஹருக்குப் பிறகு, “என் சிநேகிதி வீட்டுக்குப் போகலாமா சாச்சி?” என்றாள். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். ரயிலில் ஒரே ஒரு நிலையம். நடுவே சிங்கமலைச் சுரங்கம். உள்ளே போனதும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் ஊளையிட்டார்கள், இவளும்தான். வந்ததிலிருந்து அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

லயன் வீடு. முன்னால் ஒரு சிறிய திண்ணை, உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி, அதே சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். சிநேகிதியின் அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். விரல் நுனிகளில் கறுப்பாகத் தேயிலைக் கறை. காலை பெரட்டுக்களத்துக்குப் போனால் மாலை வரை சரிவில்தான். இந்த மக்களின் குடியுரிமையை 1948 சட்டம் பறித்தது. தோட்டப் பள்ளிகளோ பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி என்றே கிடந்தன. 1970களின் கடைசியிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. விஞ்ஞானம், கணிதத்துக்கு ஆசிரியர் தட்டுப்பாடு இன்றும் தீரவில்லை. ‘மாவட்டச் சலுகை’ என்று சிலர் வாயைக் கோணுகிறார்களே, அவர்களை இந்தத் திண்ணையில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணும் மருத்துவம் கேட்டுக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டவள்தான். அவள் முடிவெடுத்து முடித்திருந்தாள். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். மூன்று வருடம், ஆசிரியர் டிப்ளோமா, பிறகு அரசுப் பாடசாலையில் நியமனம். “எனக்குப் பின்னாலே ரெண்டு தம்பி இருக்காங்க அக்கா. அம்மாவோட முதுகு இன்னும் மூணு வருஷம் தாங்கும், அதுக்கு மேலே தாங்காது” என்று என்னிடம் கணக்குச் சொன்னாள். அதில் அழுகை இல்லை.

பிறகு இவளைப் பார்த்துக் கேட்டாள்: “நீ திரும்ப எழுது. ஆனா இந்த முறை என்ன மாறும்னு சொல்லு. அதே நோட்டு, அதே கிளாஸ்னா அதே புள்ளிதானே வரும்?”

எங்கள் வீட்டில் மூன்று நாளாக நடந்த பஞ்சாயத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. ராத்தா வயதைப் பற்றிப் பேசினார், வந்திருக்கும் சம்பந்தத்தைப் பற்றிப் பேசினார். மச்சான் செலவைப் பற்றி யோசித்தார். நான் பெயரைப் பற்றிப் பேசினேன்.

இடையில் ஒரு நாள் எல்லோரும் நுவரெலியா போனோம். கிரகரி ஏரி, செங்கல் நிறத் தபால் நிலையம், பல் கிட்டிப்போகும் குளிர். போட்டோக்கள் எடுத்துக்கொண்டோம். வழியில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் டெவன் நீர்வீழ்ச்சியும் செயின்ட் கிளேயர்ஸ் நீர்வீழ்ச்சியும் பார்க்கக் கிடைத்தன. மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிய பிறகு செயின்ட் கிளேயர்ஸில் முன்பு போல வெள்ளம் இல்லை என்று மச்சான் சொன்னார். பெண் வேனின் பின் இருக்கையில் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள்.

அன்று இஷாவுக்குப் பிறகு அந்தக் காகிதத்தை வாப்பாவிடம் கொடுத்தாள். கண்டிப் போக்குவரத்தை விட்டுவிட்டு இரசாயனத்துக்கு மட்டும் ஹட்டனிலேயே ஓர் ஆசிரியரிடம் தனியாகப் படிப்பது. மிச்சமாகும் மணிகளில் கடந்த பத்து வருட வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதுவது. பாடத்திட்டம் மாறவில்லை என்பதையும் விசாரித்து எழுதியிருந்தாள். அது முக்கியம். 2011இல் பழைய பாடத்திட்டத்தில் திரும்ப எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒரே கணக்கில் போட்டு இசட் புள்ளி குழம்பி, 2012இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. விருப்ப வரிசையில் மருத்துவத்துக்குக் கீழே தனக்குப் பிடித்தவற்றை மட்டும் எழுதியிருந்தாள். யூனானி இல்லை. கடைசி வரி: இதோடு சரி, மூன்றாம் தடவை எழுத மாட்டேன்.

மச்சான் இரண்டு முறை படித்தார். “கடைசி வரியை நான் கேக்கலியே” என்றார். “நான் எனக்காக எழுதினது வாப்பா” என்றாள். சம்பந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று ராத்தா கேட்டார். பரீட்சை முடியட்டும் என்று சொல்லும்படி மச்சான் சொன்னார். ராத்தாவுக்கு அதில் திருப்தி இல்லை. பாத்திரங்கள் அன்று சற்றுச் சத்தமாகவே கழுவப்பட்டன.

நான் ஊர் திரும்பிய பிறகு நடந்ததைப் போனில்தான் கேட்டேன். அந்தத் தடவை அவளுக்கு மருத்துவம் வரவில்லை. 2024 ஜனவரியில் திரும்ப எழுதினாள். மே 31ஆம் தேதி முடிவு. இரசாயனம் ஏறியிருந்தது. இசட் புள்ளியும் நன்றாக ஏறியிருந்தது. ஆனாலும் மருத்துவத்துக்கு ஒரு நூல் குறைந்தது. வரிசையில் அடுத்ததாக எழுதியிருந்த மருந்தகவியல் கிடைத்தது, பேராதனையில். மூன்றாம் தடவை எழுதிப் பாரேன் என்று இப்போது ராத்தாவே சொன்னாராம்! அவள் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினாளாம்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது ரயில் பாதை பல இடங்களில் உடைந்தது. பேராதனையிலும் வெள்ளம். இரண்டு நாள் போன் கிடைக்காமல் நாங்கள் இங்கே தவித்தோம். பிறகு பேசினாள். பாதை திறந்ததும் பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்துவிட்டாளாம். கொட்டகலைச் சிநேகிதியின் லயனுக்குப் பின்னால் மண் சரிந்திருக்கிறது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அவள் பயிற்சி ஆசிரியையாகத் தான் படித்த பாடசாலைக்கே போயிருக்கிறாளாம். “ரயில் எப்ப ஓடும்னு தெரியல சாச்சி. நோட்டெல்லாம் ஹொஸ்டல்லயே இருக்கு” என்றாள்.