முன்சீட்டு

அம்பாசடரைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள். சோபா மாதிரி மெத்தை, கால் நீட்ட இடம், கல்யாணத்துக்கு எட்டு பேர் நெருக்கியடித்துப் போன கதை. அப்பா அதை ஓட்டியவர். கீரப்பாளையத்தில் ஒருவருடைய வாடகைக் கார், பதினெட்டு வருஷம்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்த வண்டி அது. எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். அப்பா ஓட்டியதில் பவர் ஸ்டியரிங் கிடையாது, கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். சிதம்பரம் கீழவீதியில் தரிசனக் கூட்டத்துக்கு நடுவே திருப்பிவிட்டு வந்த ராத்திரிகளில் அம்மா அவர் தோளுக்குத் தைலம் தேய்ப்பாள்.

அந்தக் காரில் அம்மா ஏறியது இரண்டே தடவை. நான் பிறக்க அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரிக்கு, அப்புறம் ஆயா செத்தபோது. இரண்டு தடவையும் பின்சீட்டுதான்.

2004இல் அப்பா பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினார். 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வர ஆரம்பித்த கார். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கும், எடை சுமார் 650 கிலோ. "தீப்பெட்டியா வாங்கியாந்த?" என்று தெருவில் சிரித்தார்கள். அப்பா ஒரே கையால் ஸ்டியரிங்கை வளைத்துக் காட்டினார். அம்மா முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

தெருவுக்கு இதில் நஷ்டமும் உண்டு. ராத்திரி யாருக்காவது வலி கண்டால் அம்பாசடரில் பின்சீட்டு முழுக்கப் படுக்கவைத்து, முன்னால் மூன்று பேர் ஏறிக்கொள்வார்கள். முன்சீட்டு ஒரே பெஞ்சு. மாருதியில் கதவைத் தட்டியவர்களிடம் "கூட யாரு வர்றது?" என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி அப்பாவுக்குக் கடைசிவரை சங்கடம்தான். அது தெருவுக்கான கார், இது வீட்டுக்கான கார்.

2014 ஜனவரியில் 800 நின்றது. மே மாதம் அம்பாசடரும் நின்றது. எது நல்ல கார் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அம்பாசடர்தாம்மா காரு. ஆனா அதுல யாரு ஏறணும்னு நான் சொல்ல முடியாதுல்ல."